பச்சையிலேயே நின்ற முள்

போன மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம், சோறு தின்ற மயக்கத்தில் ஹாலிஎல வீட்டு முன்னறையில் படுத்திருந்தேன். போன் அடித்தது. பதுளை வேர்க்‌ஷொப்பில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ரமேஷ்.

"அண்ணே, வால்வு ஒண்ணு வந்திருக்கு. லெப்டொப் மாட்டிப் பாத்தேன், ஒரு பிழையும் இல்லேங்குது. ஆனா மெசின்ல பூட்டுனா ஆடுது. மாத்திரலாமா?"

"மாத்திரலாமா" என்று யாராவது கேட்டால், ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு ரத்தம் சூடாகிவிடுகிறது. "ஒயில் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "அத இன்னும் பாக்கலேண்ணே" என்றார். என் மத்தியானத் தூக்கம் அதோடு போனது. அரை மணி நேரம் திட்டினேன், அடுத்த அரை மணி நேரம் விளக்கினேன். மனுசன் கோபித்துக்கொள்ளாமல், "இதையெல்லாம் எழுதிக் குடுங்கண்ணே, வேர்க்‌ஷொப்புல எல்லாரும் படிக்கட்டும்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத்துப் பழக்கம் என்றால் வேலை அறிக்கைகள்தான். நூற்றுக்கணக்கில் எழுதியிருப்பேன். அவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் பாதியில் நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றும்.

நான் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவன். அப்பா தேயிலைப் பேக்டரியில் மெசின்களுக்கு ஒயில் விடுகிறவர். ஓ.எல். பரீட்சைக்குப் பிறகு பதுளையில் இரண்டு வருடம் தொழிற்பயிற்சி, கொழும்பில் கிரேன் பழுது பார்க்கும் கம்பெனியொன்றில் மூன்று வருடம். கொழும்புச் சூடும் வாடகையும் ஒத்துவராமல் ஊருக்குத் திரும்பி, பதுளையில் ஜவ்பர் நானாவின் ஹைட்ரோலிக் வேர்க்‌ஷொப்பில் சேர்ந்தேன். அங்கேயே தலை நரைத்தது.

முஸ்லிம்களில் மூத்தவர்களை நாங்கள் நானா என்போம். ஜவ்பர் நானாவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கப்பல்களில் இன்ஜினியராக இருந்துவிட்டு ஊரோடு வந்து தொழில் தொடங்கியவர். ஒயிலிலேயே நீந்துகிற எங்கள் தொழிலில், தினமும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடுதான் வருவார். மாலைவரை ஒரு சொட்டுக்கூடப் படாது. அந்தச் சட்டையில் என்றைக்காவது ஒரு கறை விழாதா என்று நாங்களெல்லாம் வருடக்கணக்கில் காத்திருந்தோம். விழவேயில்லை.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்த இடத்துக்குப் போனாலும் முதல் அரை மணி நேரம் யாரும் ஸ்பேனரைத் தொடக் கூடாது. "மகன், கையப் பின்னுக்குக் கட்டு" என்பார். கையைக் கட்டிக்கொண்டு மெசினைச் சுற்றி வர வேண்டும். பம்ப் எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடுகிறது, டேங்க் எவ்வளவு சுடுகிறது, ஒயில் என்ன வாசனை, கடைசியாக யார் எதைத் தொட்டார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் கை முன்னுக்கு வரும். கோபம் வந்தால் அவருடைய குரல் உயராது, மரியாதைதான் உயரும். "மகன்" என்பது "மிஸ்டர்" ஆகிவிட்டால் அன்றைக்கு நமக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

இந்த வால்வுகள் என்ன என்று தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சாதாரண வால்வு ஒன்று திறக்கும், இல்லாவிட்டால் மூடும். வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி. புரொபோர்ஷனல் வால்வு அப்படியில்லை. எவ்வளவு மின்சாரம் கொடுக்கிறோமோ அந்த அளவுக்குத்தான் திறக்கும். உள்ளே விரல் தடிமனில் ஓர் உருக்கு உருளை இருக்கிறது, ஸ்பூல் என்போம். அது முன்னும் பின்னும் நகர்ந்து ஒயிலுக்கு வழி விடுகிறது. சேர்வோ வால்வு அதைவிட நுணுக்கமானது. மயிரிழை போன்ற துளைகள் வழியாகப் போகும் ஒயில்தான் அதில் ஸ்பூலைத் தள்ளும். வேகமும் துல்லியமும் கூட, ரோசமும் கூட. கண்ணுக்குத் தெரியாத தூசிக்கெல்லாம் கோபித்துக்கொண்டு நின்றுவிடும்.

எந்த மெசினுக்கு எந்த வால்வு என்று தேர்ந்தெடுப்பதில் நான் முதலில் சறுக்கியது ஹாலிஎலயில், சீமெந்துக் கல் அடிக்கும் மெசின் ஒன்றில். பெரிதாகப் போட்டால் நல்லது என்று நினைத்து, தேவைக்கு நாலு மடங்கு ஒயில் விடக்கூடிய வால்வைப் பூட்டினேன். மெசின் குதிரை மாதிரித் துள்ளியது. கல்லெல்லாம் மூலை உடைந்து விழுந்தது. நானா வந்து பார்த்துவிட்டு, "மிஸ்டர் சந்திரன், ஒரு கிளாஸ் தண்ணிக்குத் தோட்டத்து மெயின் பைப்பத் திறப்பீங்களா?" என்று கேட்டார். வால்வு பெரிதாக இருந்தால் அது திறக்கும் முதல் இழையிலேயே வேலை முடிந்துவிடும். மீதித் தூரம் முழுக்க வீண், அடக்கவும் முடியாது.

அதற்குப் பிறகு நானாவின் கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டேன். எவ்வளவு ஒயில் போக வேண்டும். எத்தனை வினாடிக்குள் வேலை முடிய வேண்டும். வால்வைத் தாண்டும்போது எவ்வளவு அழுத்தம் இழக்கலாம். கரண்ட் போனால் ஸ்பூல் எந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். இவையெல்லாம் கெட்டலொக்கில் இருக்கும். கடைசிக் கேள்வி அதில் இருக்காது: அந்த இடத்து ஆட்களால் ஒயிலை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்க முடியும்? இந்தக் கேள்விக்கு நான் சொன்ன ஒரு பதில்தான் என்னை வசமாக மாட்டிவிட்டது.

பசறையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் பஸ்ஸில் போனால், தோட்டமொன்றின் அடிவாரத்தில் ஆற்றோரமாக ஒரு சின்ன நீர்மின் நிலையம் இருக்கிறது. தனியார் கம்பெனியுடையது. மேலிருந்து குழாயில் வரும் தண்ணீர் டர்பைனைச் சுற்றும். டர்பைனைச் சுற்றிலும் வளையமாகச் சிறு கதவுகள். கதவுகள் திறந்தால் மின்சாரம் கூடும், மூடினால் குறையும். கதவுகளை அசைப்பது ஒயில் சிலிண்டர், அந்தச் சிலிண்டரை ஆட்டி வைப்பது எங்கள் வால்வு.

அங்கே ஒப்பரேட்டர் மாரியப்பன். மேலே தோட்டத்து லயத்தில்தான் குடியிருந்தார். அவருடைய அப்பா, அம்மா, மனைவி சரோஜா எல்லோரும் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் பேர் கொடுத்து, மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனவர்கள். அந்த லயத்தில் பெரட்டுக்குப் போகாமல், கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவர். அந்தப் பெருமையை வாயால் சொல்ல மாட்டார், பவர் ஹவுஸைப் பார்த்தால் தெரியும். தரையில் சோறு போட்டுத் தின்னலாம். யார் வந்தாலும், "செருப்பக் கழட்டிட்டு வாங்க" என்பார். மேனேஜருக்கும் அதே சட்டம்தான்.

அங்கே முதலில் இருந்தது ஒரு சேர்வோ வால்வு. இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. இரண்டு தடவையும் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டியது நான்தான். பிறகு கம்பெனி எங்களிடம் யோசனை கேட்டது. நான் நானாவின் கேள்விகளை வரிசையாகப் போட்டுப் பார்த்து, "இந்த இடத்துக்குச் சேர்வோ வால்வு தாங்காது, கொஞ்சம் தூசியைப் பொறுத்துக்கொள்ளும் புரொபோர்ஷனல் வால்வு போடலாம்" என்று எழுதிக் கொடுத்தேன். அளவைக் கச்சிதமாகத் தேர்ந்தெடுத்தேன். நானா கையெழுத்துப் போட்டார். நானே போய்ப் பூட்டினேன். கதவுகள் பூனை நடக்கிற மாதிரிச் சத்தமில்லாமல் அசைந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வருட ஆயுத பூசைக்கு மாரியப்பன் என்னைக் குடும்பத்தோடு கூப்பிட்டார். போய், பொங்கலும் கடலையும் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தோம்.

ஐந்தாறு மாதத்தில் அந்த வால்வு ஆட ஆரம்பித்தது. கதவுகள் ஓரிடத்தில் நிற்காமல் திறப்பதும் மூடுவதுமாக, மின்சாரம் ஏறி இறங்கியது. மேனேஜர் திலின நல்ல படிப்பாளி, அவசரக்காரர். "மாத்திரலாம்" கட்சி. வால்வுக்கு மின்சாரம் கொடுக்கும் எலக்ட்ரொனிக் கார்டை மாற்றினார். ஆட்டம் நிற்கவில்லை. ஒரு நாள் இடியும் மழையுமான பின்னேரத்தில் வெளி லைன் அறுந்து, கதவுகள் உடனே மூட வேண்டிய நேரம் வந்தது. மூடவில்லை. நின்று நின்று, இழுத்து இழுத்து நகர்ந்தன. டர்பைன் வேகம் ஏறி ஊளையிட்டது. கடைசியில் தனியாக இருக்கும் அவசர வால்வு விழுந்து நிறுத்தியது. யாருக்கும் அடியில்லை, மெசினும் தப்பியது.

விசாரித்ததில், மாரியப்பன் ஒட்டோவில் தானாக ஓட வேண்டிய மெசினைப் பல நாளாக மெனுவலில், கையால் பிடித்து வைத்திருந்தது தெரியவந்தது. சட்டப்படி அது தப்பு. அவரை வேலையிலிருந்து நிறுத்தும் கடுதாசி தயாரானது. எங்களையும் கூப்பிட்டார்கள்.

திலின சிங்களத்தில் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "வால்வில் குறையில்லை என்று நீங்கள் எழுதித் தந்தால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

யோசித்துப் பாருங்கள். வால்வைத் தேர்ந்தெடுத்தவன் நான். குறையில்லை என்று எழுதினால் என் பெயர் தப்பும், மாரியப்பன் போவார். அதை எழுத எனக்கு ஆசை வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. நன்றாகவே வந்தது.

பவர் ஹவுஸுக்கு இறங்கும் படிக்கட்டில் சரோஜா தேத்தண்ணிப் போத்தலோடு நின்றிருந்தார். கொழுந்துக் கூடை இன்னும் முதுகில் இருந்தது. நானாவுக்கும் எனக்கும் ஊற்றிக் கொடுத்தார்.

"அண்ணே, நீங்க எழுதுறதுலதான் இருக்காமே."

"பாத்துட்டுத்தான் எழுதணும்."

"பாருங்க. இந்த மனுசன் எங்கிட்டப் பேசுனதவிட அந்த மெசின்கிட்டப் பேசுனதுதான் கூட. அதுக்குப் போயி கெடுதி செஞ்சிருப்பாரா? வேல போனா பெரட்டுக்கு வருவாரு, அதுல ஒண்ணும் வெக்கமில்ல. நான் போகலியா? ஆனா மெசினக் கெடுத்தவன்னு பேரு வாங்கிட்டு வந்தா, அவரு தலை நிமிரவே மாட்டாருண்ணே."

பாதித் தேத்தண்ணியோடு கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன்.

உள்ளே போனோம். கையைப் பின்னுக்குக் கட்டினோம். மாரியப்பன் சுவரோரமாக வெறுங்காலோடு நின்றார். நானா அவர் பக்கம் திரும்பி, "ஏன் மெனுவல்ல வெச்சீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"ஒட்டோல விட்டா கதவு ஆடுதுங்க. ஆடுனா டர்பைன் கத்துது. கேட்டுக்கிட்டு இருக்க முடியல. மெனுவல்ல கொஞ்சம் அடங்குச்சு. திலின சேர்கிட்ட மூணு தடவ சொன்னேன். கார்டு மாத்திருவோம்னாரு."

அரை மணி நேரம் முடிந்தது. முதலில் வால்வுக்குப் போகும் வயரில் மீட்டரைப் பூட்டி, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். இது எங்கள் வேலையில் முக்கியமான இடம். ஏறுகிற மின்சாரமே தடுமாறினால் குறை கார்டில். மின்சாரம் ஒழுங்காக ஏறி, ஸ்பூல் தடுமாறினால் குறை வால்விலோ ஒயிலிலோ. இங்கே மின்சாரம் ஒழுங்காக ஏறியது. ஸ்பூல் அசையவில்லை. இன்னும் ஏற்றினேன், அசையவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றியதும் திடீரென்று பாய்ந்து தேவைக்கு மேல் திறந்தது. திரும்ப இறக்கும்போதும் அதே கதை. கதவுகள் ஆடியதற்கும், அவசரத்தில் இழுத்து இழுத்து மூடியதற்கும் இதுதான் காரணம். ஸ்பூல் ஒட்டிக்கொள்கிறது.

டர்பைனுக்கு வரும் தண்ணீரை மேலே அடைத்தோம். பம்பை நிறுத்தி, சேமிப்புச் சிலிண்டரில் அடைபட்டிருந்த அழுத்தத்தை முழுக்க வடித்தோம். கேஜ் முள் பூச்சியத்துக்கு வந்ததை நானா தானே குனிந்து பார்த்த பிறகுதான் முதல் போல்ட்டைத் தொட விட்டார். வெள்ளைத் துணி விரித்து அதில் வால்வைப் பிரித்தேன். நல்ல ஸ்பூல் என்றால் சரித்தவுடன் தன் எடைக்கே வழுக்கி வரும். இது வரவில்லை. மெதுவாகத் தள்ளி எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பளபளவென்று மெல்லிய இழைகள், நொறுக்கிய கண்ணாடித் தூள் மாதிரி. டேங்கிலிருந்து ஒரு போத்தல் ஒயில் எடுத்து டோர்ச் அடித்தால், அதிலும் அதே இழைகள் மிதந்தன.

"பில்டரத் தாண்டி இது எப்படி வந்துச்சு?" என்றேன்.

அதுவரை ஒடுங்கி நின்ற மாரியப்பன் முகம் தெளிந்து முன்னால் வந்தார். "பில்டர்ல ஒரு கொறையும் இல்லண்ணே. முள்ள பாருங்க. நான் வந்த நாள்லருந்து பச்சைய விட்டு ஒரு தடவகூட வெலகல."

ஒயிலை வடிகட்டும் பில்டரின் தலையில் ஒரு சின்ன முள் இருக்கும். பில்டர் அடைக்க அடைக்கப் பச்சையிலிருந்து சிவப்புக்கு நகரும். அது பச்சையில்தான் இருந்தது. நானா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "மகன், வால்வக் கழுவிப் பூட்டு. நாளைக்கு விடியக் குளிரோட வருவம்" என்றார்.

அடுத்த நாள் காலை பசறையில் பனி கொட்டியது. குளிரில் ஒயில் தேன் மாதிரிக் கெட்டியாக இருந்தது. நானா பம்பைப் போடச் சொன்னார். கெட்டி ஒயில் பில்டருக்குள் நுழையத் திணறும். நல்ல பில்டரென்றால் அந்த நேரத்தில் முள் கொஞ்சமாவது சிவப்புப் பக்கம் போய்த் திரும்ப வேண்டும். இது அசையவேயில்லை. உள்ளே தடுக்க எதுவும் இருந்தால்தானே அசையும்.

பம்பை நிறுத்தி, அழுத்தத்தை வடித்துவிட்டு, பில்டரைத் திறந்தேன். உள்ளேயிருந்த வடிகட்டி உருளை, எலிமென்ட் என்போம், தொளதொளவென்று கையோடு வந்தது. மடிப்புகள் சாய்ந்து, பக்கவாட்டில் இரண்டு விரல் நுழையும் கிழிசல். அதன் மேல் மூடியில் மங்கிய மஞ்சளில் ஒரு வட்டம்.

"இது என்ன மாரியப்பன்?"

"சந்தனம்ணே. பூசையன்னைக்கு விடியக் கழட்டி, மண்ணெண்ணெயில கழுவி, வெயில்ல காயவச்சு, பொட்டு வச்சுத்தான் பூட்டுவேன். ஒரு வருசமும் தவறுனதில்ல. எல்லாத்தையும் கழுவிட்டு அத மட்டும் அழுக்கோட விடலாமா?"

கழுவக் கூடாத பொருள் அது. கண்ணாடி நூலை அடுக்கி அடுக்கிச் செய்தது. அழுக்கானால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும். கழுவிக் காயவைத்தால் நூல் அறுந்து, கிழிந்து, தானே குப்பையாகி வால்வுக்குள் போகும். எங்கள் ஊரில் ஆயுத பூசைக்குக் கத்தி, மண்வெட்டி, சைக்கிள், லொறி, பேக்டரி மெசின் எல்லாம் கழுவிப் பொட்டு வைக்கிறோம். அந்த மனுசன் தன் மெசினில் கழற்ற முடிந்த ஒன்றையும் விடாமல் கழுவியிருக்கிறார். சோம்பேறி ஒருவன் ஒப்பரேட்டராக இருந்திருந்தால் இந்த வால்வு இன்னும் பல வருடம் ஓடியிருக்கும்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பூசையன்று நான் குடும்பத்தோடு கொஞ்சம் முன்னதாகவே போயிருந்தேன். வாசலில் தேயிலைச் சாக்கு விரித்து, அதில் கழுவிய ஸ்பேனர்களும் ஒயில் கேனும் வரிசையாக ஈரம் உலர்ந்துகொண்டிருந்தன. ஓரத்தில் உருண்டையாக, மடிப்பு மடிப்பாக இதுவும் இருந்தது. "என்னா மாரியப்பன், கோயில் மாதிரி வச்சிருக்கீங்க" என்று மெச்சிவிட்டுப் பொங்கலுக்குப் போய்விட்டேன். ஆயிரம் பில்டரைக் கையில் பிடித்த என் கண்ணுக்கு அன்றைக்கு அது பில்டராகத் தெரியவில்லை.

அதோடு விட்டதா? முன்பு இரண்டு தடவை சேர்வோ வால்வு அடைத்ததும் பூசைக்குப் பிந்திய மாதங்களில்தான். ஒயில் ஏன் அழுக்காகிறது என்று நான் ஒரு தடவையும் தேடவில்லை. "இந்த இடத்துக்கு இது தாங்காது" என்று எழுதிவிட்டு வேறு வால்வைப் போட்டேன். ஊரையெல்லாம் "மாத்திரலாம்" கட்சி என்று கேலி செய்தவன், நானே அந்தக் கட்சிக்குத் தலைவர் வேலை பார்த்திருக்கிறேன்.

நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டவலில் கையைத் துடைத்துக்கொண்டு, "பார்த்தத எழுதுங்க, மிஸ்டர் சந்திரன்" என்றார்.

திலினவின் ஒபிஸ் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். வால்வில் பிறவிக் குறை இல்லை, பில்டர் நூல் சிக்கி ஸ்பூல் ஒட்டியது. பில்டர் கழுவப்பட்டதால் கிழிந்தது. இதுவரை எழுதுவது சுலபமாக இருந்தது. இங்கே நிறுத்திக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அறிக்கை உண்மைதான். மாரியப்பனை வீட்டுக்கு அனுப்ப அந்த இரண்டு வரி போதும். மூச்சை இழுத்துவிட்டு மேலே எழுதினேன். பில்டரைக் கழுவக் கூடாதென்று ஒப்பரேட்டருக்கு யாரும் சொல்லவில்லை. ஒயில் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த குறிப்புகள் அவருக்குத் தெரியாத இங்கிலீஷில் இருந்தன. மாற்றுவதற்கு ஒரு புது எலிமென்ட்கூட ஸ்டோரில் இல்லை. வால்வை மாற்றச் சொன்ன சந்திரனாகிய நான், அழுக்கு எங்கிருந்து வருகிறதென்று பார்க்கவில்லை, பூட்டிய அன்றைக்குப் பில்டரைத் திறக்கவில்லை, கழுவிக் காயவைத்திருந்ததை நேரில் கண்டும் கவனிக்கவில்லை. ஆட்டத்தைப் பற்றி ஒப்பரேட்டர் மூன்று தடவை முறையிட்டார், அவர் சொன்னது சரி.

நானா வாசித்தார். என் கையெழுத்துக்குக் கீழே, "இந்தத் தேர்வைச் சரிபார்த்து ஒப்புக்கொண்டவன் நான். நானும் கேட்கவில்லை" என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார்.

திலின இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஸ்டோரில் எலிமென்ட் இல்லை என்ற இடத்தில் அவருடைய காது சிவந்தது.

"இதை மேலே அனுப்பினால் உங்கள் பெயர்தான் கெடும்."

"தெரியும் சேர்."

"என் பெயரும்தான்" என்று சிரித்தார். நல்ல மனுசன், அவசரக்காரர் என்று சொன்னேனே தவிரக் கெட்டவர் என்று சொல்லவில்லை. "அப்படிப் பார்த்தால் நாலு பேருக்குக் கடுதாசி அடிக்க வேண்டும். மெனுவலில் ஓட்டியதற்கு அவருக்கு ஓர் எச்சரிக்கை கொடுக்கிறேன். வேலையில் இருக்கட்டும்."

படிக்கட்டில் அன்றைக்கும் சரோஜா நின்றிருந்தார். "எழுதிட்டீங்களா?" என்றார். எழுதிவிட்டேன், வேலை இருக்கிறது, மெசினைக் கெடுத்தவர் என்ற பேரும் இல்லை, இனி பில்டரை மட்டும் மண்ணெண்ணெயில் கழுவ வேண்டாம் என்றேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பூசைக்குப் பூசை அந்த மண்ணெண்ணெ நாத்தம் இனிமே வீட்டுக்கு வராது" என்றார். நானாவும் நானும் வேனில் திரும்பினோம். பதுளை டவுனுக்குள் நுழைந்த பிறகு, "மகன், பசிக்குதா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கம்பெனியில் என் பெயர் கொஞ்ச நாள் அடிபட்டது. பிறகு அவர்களே அடுத்த நிலையத்துக்கும் எங்களைத்தான் கூப்பிட்டார்கள். புது எலிமென்ட் மூன்று வாங்கி ஸ்டோரில் வைத்தார்கள். தமிழில் ஒரு தாள் எழுதி ஒயில் பெட்டியின் மேல் ஒட்டினேன். மாரியப்பன் அதை ஐந்தாறு தடவை படித்துவிட்டு, ஒரு சந்தேகம் கேட்டார்.

"அப்ப பூசைக்கு இத என்னாண்ணே செய்யிறது? சும்மா விட்டா மனசு கேக்காதே."

அதற்கு வழி கண்டுபிடித்தவரும் அவரேதான். அடுத்த வருடப் பூசையன்று புது எலிமென்டை அதன் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துச் சாமி முன்னால் வைத்தார். சந்தனம் உறைக்கு மேலேதான். பூசை முடிந்ததும் மெசினை நிறுத்திப் புதியதைப் பூட்டுவது என்று முடிவானது. கம்பெனியின் பராமரிப்புப் பட்டியலில் இங்கிலீஷில் தட்டச்சாகி இருக்கிறது, பில்டர் மாற்றும் நாள் ஆயுத பூசை என்று. நானாவும் அன்றைக்கு வந்திருந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு ஓரமாக நின்று கடலை தின்றார்.

அன்றைக்குப் பழைய எலிமென்டைக் கழற்றியது மாரியப்பன்தான். அது கழுவாமல் ஒரு வருடம் முழுக்க உள்ளே இருந்தது. கறுத்து, பிசுபிசுத்து, மடிப்புக்கு மடிப்பு அழுக்கு அடைந்து வெளியே வந்தது. அவர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பார்த்தார்.

"அண்ணே, நான் கழுவிப் போட்ட வருசமெல்லாம் இவ்வளவு அழுக்கும் எங்க போச்சு?"

நான் வால்வைக் காட்டினேன்.

அவர் எலிமென்டைக் கீழே வைத்தார். கையைத் துணியில் நன்றாகத் துடைத்தார். தெரியாமல் காலால் மிதித்துவிட்ட புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அது மாதிரி, வால்வைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பக்கத்தில் நின்ற நானும் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டேன்.